ஃபுளோரசீன் கரைசலின் ஒளிர்வு ஏன் தடுமாறுகிறது? இந்தச் சாயம் எங்கெல்லாம் கைகொடுக்கும்?

கேள்வி இதுதான்: சோடியம் ஃபுளோரசீனைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, பல செறிவுகளுக்கு நீர்த்து, ஒளிர்வை அளக்கும் ஃபுளோரோமீட்டரில் அளந்திருக்கிறார்கள். அளவீட்டுக் கோடு நேராக வரவில்லை. மேல்முனையில் வளைந்து இறங்குகிறது, கீழ்முனையிலும் எதிர்பார்த்ததைவிடக் குறைகிறது. ஒரு வாரம் கழித்து அதே கரைசலை அளந்தால் வேறு எண் வருகிறது. சாயம் கெட்டுவிட்டதா, இதை வேறு எந்தெந்த ஆய்வக வேலைகளுக்குப் பயன்படுத்தலாம் என்று கேட்கிறார்கள்.

சாயம் கெடவில்லை. மூன்று கோளாறுகளுக்கும் காரணங்கள் வேறு வேறு. கீழ்முனை இறங்குவதற்குக் காரணம் பிஎச். மேல்முனை வளைவதற்குக் காரணம் செறிவு. வாரம் கழித்து எண் மாறுவது பெரும்பாலும் வெளிச்சத்தின் வேலை. இவற்றில் பிஎச்தான் தலையானது. இந்தச் சாயத்தை எந்த வேலைக்கு எடுத்தாலும், பிஎச் தெரியாமல் எடுத்த ஒளிர்வு எண்ணை நம்ப முடியாது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அடால்ஃப் ஃபான் பேயர் 1871-இல் தாலிக் அன்ஹைட்ரைடையும் ரிசார்சினாலையும் சேர்த்துச் சூடாக்கி ஃபுளோரசீனைப் பெற்றார். இன்றைக்கும் கல்லூரி ஆய்வகங்களில் அதே வழிதான்: 15 கிராம் தாலிக் அன்ஹைட்ரைடு, 22 கிராம் ரிசார்சினால் (ஒரு மோலுக்கு இரண்டு மோல்), நீரற்ற துத்தநாகக் குளோரைடு 7 கிராம், 180 டிகிரி செல்சியஸ். உருகிய கலவை கிளற முடியாதபடி இறுகும் வரை சூடாக்குவார்கள். ரிசார்சினாலுக்குப் பதில் பீனாலைப் போட்டால் கிடைப்பது பீனால்ஃப்தலீன். இரண்டும் அக்கா தங்கை போல ஒரே சாயல் கொண்டவை. ஆனால் பீனால்ஃப்தலீன் நிறம் காட்டுமே தவிர ஒளிராது. அதன் இரண்டு வளையங்களும் தனித்தனியே திரும்பக்கூடியவை; வாங்கிய ஒளியாற்றல் அந்த அசைவிலேயே வெப்பமாகப் போய்விடும். ஃபுளோரசீனில் ஓர் ஆக்சிஜன் அணு அவ்விரு வளையங்களுக்கும் நடுவே பாலமாக நின்று, மூன்று வளையங்களையும் ஒரே தட்டாகப் பூட்டிவிடுகிறது. அசைய வழியில்லாத ஆற்றல் ஒளியாக வெளியேறுகிறது.

அந்த ஒளியின் அளவு, மூலக்கூறு எந்த மின்னூட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காரக் கரைசலில் இரண்டு எதிர்மின்னூட்டம் கொண்ட இரட்டை எதிரயனியாக இருக்கும். இதுதான் எல்லோருக்கும் தெரிந்த பச்சை ஒளிர்வைத் தரும் வடிவம். 490 நானோமீட்டரில் உறிஞ்சி, 515 நானோமீட்டர் வாக்கில் உமிழும். உறிஞ்சிய நூறு ஃபோட்டான்களில் 92 முதல் 95 வரை திரும்ப வெளியே வரும். பிஎச் இறங்கும்போது ஒரு புரோட்டான் ஒட்டிக்கொண்டு ஒற்றை எதிரயனி ஆகிறது. இதன் உறிஞ்சல் முகடுகள் 453, 472 நானோமீட்டருக்கு நகர்ந்துவிடும், உறிஞ்சும் வலிமையும் பாதிக்குக் கீழே போகும், நூறில் 37 ஃபோட்டான்தான் திரும்ப வரும். இன்னும் அமிலமானால் மின்னூட்டமற்ற வடிவம். அதில் ஒரு பகுதி வளையம் மூடிக்கொண்டு லாக்டோன் ஆகி நிறமே இல்லாமல் நிற்கும். அமிலம் மிக வலுவானால் நேரயனி.

ஒற்றை எதிரயனியும் இரட்டை எதிரயனியும் சரிபாதியாக இருக்கும் பிகேஏ மதிப்பு ஏறத்தாழ 6.4. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பிஎச் 9-இல் 99 சதவீதத்துக்கும் மேல் இரட்டை எதிரயனி. 7.4-இல் 91 சதவீதம். 7.0-இல் 80 சதவீதம். 6.0-இல் 28 சதவீதம்தான். செல் வளர்க்கும் ஊடகம் 7.4-இலிருந்து 7.0-க்கு இறங்கினாலே 490 நானோமீட்டரில் தூண்டிப் பெறும் ஒளிர்வு பத்து சதவீதம் அளவுக்குக் குறையும். சாயத்தின் அளவோ மாறவே இல்லை.

இப்போது உங்கள் கீழ்முனைக்கு வருவோம். சோடியம் ஃபுளோரசீன் தானே ஒரு மென்காரம். கரைசல் அடர்த்தியாக இருக்கும்போது அது நீரின் பிஎச்சை ஏற்றி, தன்னைத் தானே ஒளிரும் வடிவில் வைத்துக்கொள்ளும். நீர்க்க நீர்க்க அந்தப் பலம் போய்விடும். காற்றிலிருந்து கரைந்த கரியமில வாயுவால் வடிநீரின் பிஎச் 6-க்கும் கீழே இருக்கும், கரைசலும் அங்கே போய் நின்றுவிடும். அதாவது, ஒவ்வொரு முறை நீர்க்கும்போதும் நீங்கள் செறிவை மட்டும் மாற்றவில்லை, சாயத்தின் வடிவத்தையும் மாற்றிக்கொண்டே போயிருக்கிறீர்கள். கோடு நேராக வந்திருந்தால்தான் ஆச்சரியம். உடனே சரிபார்க்க எளிய வழி இருக்கிறது: மிக நீர்த்த கரைசல் உள்ள குவெட்டில் (ஒளி புகும் சிறு கலத்தில்) 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டுக் கலக்குங்கள். ஒளிர்வு கண்ணெதிரே எழும்பும்.

சரியான கரைசலை எப்படித் தயாரிப்பது?

முதலில் புட்டியின் மேலுள்ள பெயரைப் பாருங்கள். அமில வடிவம் என்றால் மூலக்கூற்று எடை 332.3, நீரில் அவ்வளவாகக் கரையாது. இரட்டைச் சோடியம் உப்பு என்றால் 376.3, நீரில் தாராளமாகக் கரையும். யுரனின், ஆசிட் எல்லோ 73, சி.ஐ. 45350 என்றெல்லாம் எழுதியிருப்பது பெரும்பாலும் இந்த உப்புதான். ஒன்றின் எடையை மற்றொன்றுக்குப் போட்டால் 13 சதவீதப் பிழை முதல் அடியிலேயே விழுந்துவிடும்.

சோடியம் உப்பு 37.6 மில்லிகிராம் எடுத்து, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து 100 மில்லிலிட்டருக்கு நிரப்பினால் 1 மில்லிமோலார் மூலக் கரைசல். இதிலிருந்து 1 மில்லிலிட்டரை அதே காரக் கரைசலில் 100 மில்லிலிட்டராக்கினால் 10 மைக்ரோமோலார். அதிலிருந்து மறுபடி 1 மில்லிலிட்டரை 100 ஆக்கினால் 100 நானோமோலார். அளவீட்டுக் கோட்டுக்கு 5, 10, 20, 50, 100 நானோமோலார் போதும். ஹைட்ராக்சைடு வேண்டாம் என்றால் பிஎச் 9 முதல் 9.5 வரையிலான போரேட் பஃபர் (பிஎச்சை மாறாமல் நிறுத்தும் கரைசல்) நல்லது. எதை எடுத்தாலும் முதல் நீர்ப்பிலிருந்து கடைசி நீர்ப்பு வரை, சாயம் இல்லாத வெற்றுக் கரைசல் உட்பட, ஒரே பஃபராக இருக்க வேண்டும்.

எடையை மட்டும் நம்பாதீர்கள். இந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சும், வணிகத் தரத் தூளில் சாயமல்லாத உப்பும் கலந்திருக்கும். 10 மைக்ரோமோலார் கரைசலை 1 சென்டிமீட்டர் குவெட்டில் ஊற்றி, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 490 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சளவைப் பாருங்கள். நூல்கள் தரும் மோலார் உறிஞ்சல் கெழு, பஃபரைப் பொறுத்து 76,900 முதல் 88,000 வரை வேறுபடுகிறது, ஆகவே 0.77-க்கும் 0.88-க்கும் நடுவே வர வேண்டும். 0.55 என்று வந்தால் தூளில் கால் பங்குக்கு மேல் சாயம் அல்லாத வேறு ஏதோ இருக்கிறது என்று பொருள். செறிவை அந்த உறிஞ்சளவிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மாசு பற்றி ஒரு வார்த்தை. 1 மில்லிமோலார் மூலக் கரைசலில் ஒரு மைக்ரோலிட்டர், அதாவது பிப்பெட் முனையின் வெளிப்புறம் ஒட்டியிருக்கும் ஒரு துளி, 10 மில்லிலிட்டர் பஃபரில் விழுந்தால் 100 நானோமோலார் ஆகிவிடும். உங்கள் கோட்டின் உச்சி அளவே அதுதான். முனையை ஒவ்வொரு முறையும் மாற்றுவது போதாது. மூலக் கரைசலை ஒரு மேசையில் கையாண்டு, நீர்த்தவற்றை வேறு மேசையில், வேறு கையுறையோடு கையாளுங்கள். அளவிடும்போதும் நீர்த்ததிலிருந்து அடர்ந்ததற்குப் போங்கள். குவெட்டை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடால் ஒரு முறை அலசி, பிறகு நீரால் பல முறை கழுவினால் ஒட்டிய சாயம் போய்விடும்.

கருவி அமைப்பில் ஒரு நுணுக்கம். தூண்டும் ஒளிக்கும் உமிழும் ஒளிக்கும் இடையே 25 நானோமீட்டர்தான் இடைவெளி. பிளவுகளை அகலமாகத் திறந்தால் தூண்டும் ஒளியே சிதறி உமிழ்வுக்குள் நுழைந்துவிடும். 490-க்குப் பதிலாக 480-இல் தூண்டி, 515-இல் வாங்கி, பிளவுகளை 5 நானோமீட்டருக்குள் வைத்தால் நிம்மதி. அதற்காக 450 வரை கீழே போகாதீர்கள். நீர் அலைநீளம் மாற்றிச் சிதறும் ஒளி, அதாவது ராமன் சிதறல், அப்போது 531 நானோமீட்டரில் வந்து, சாயத்தின் உமிழ்வு மேலேயே உட்காரும். 490-இல் தூண்டினால் அது 588-க்குத் தள்ளிப் போய்விடும். வெற்றுக் கரைசலில் அந்தச் சிறு மேட்டைப் பார்த்து மாசு என்று பயந்துவிடக் கூடாது. தூண்டும் அலைநீளத்தை மாற்றிப் பார்த்து, மேடும் கூடவே நகர்ந்தால் அது ராமன்தான்.

மேல்முனை ஏன் வளைகிறது?

அடர்ந்த கரைசல் உள்ள குவெட்டின் மேல் நீல ஒளிக்கற்றையைப் பாய்ச்சிப் பக்கவாட்டில் பாருங்கள். ஒளி நுழையும் சுவரை ஒட்டி ஒரு மெல்லிய ஏடு மட்டும் பச்சையாகச் சுடர்விடும், அதற்கு அப்பால் உள்ள திரவம் இருண்டு கிடக்கும். ஃபுளோரோமீட்டரின் கண் செங்கோணத்தில், குவெட்டின் நடுப்பகுதியைப் பார்க்கிறது. 100 மைக்ரோமோலார் கரைசலில் நுழையும் ஒளி, அரை சென்டிமீட்டர் கடந்து நடுவே வரும்போது பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சும். ஆகவே சாயத்தைக் கூட்டக் கூட்ட எண் குறைகிறது. இதை உள்வடிகட்டி விளைவு என்பார்கள்.

இதிலிருந்து தப்ப, தூண்டும் அலைநீளத்தில் உறிஞ்சளவு 0.05-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். 490-இல் அது ஏறத்தாழ 0.6 மைக்ரோமோலார். அந்த அளவிலும் நடுப்பகுதிக்குப் போகும் ஒளியில் 5 சதவீதம் குறையத்தான் செய்யும். துல்லியம் வேண்டுமென்றால் அதையும் திருத்த வேண்டும். மைக்ரோமோலாருக்கு மேல் அளந்தே ஆக வேண்டும் என்றால் 3 மில்லிமீட்டர் குவெட்டுக்கு மாறுங்கள் அல்லது முன்முகத்திலிருந்து அளக்கும் அமைப்பைப் பயன்படுத்துங்கள்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று சுயத் தணிப்பு. மில்லிமோலார் கணக்கில் மூலக்கூறுகள் நெருங்கும்போது ஒன்றின் உமிழ்வு நிறமாலையும் மற்றதன் உறிஞ்சல் நிறமாலையும் ஒன்றின் மேல் ஒன்று படிவதால், ஆற்றல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறி, இரட்டையாக ஒட்டிய மூலக்கூறுகளிடம் வந்து ஒளியின்றி மடிகிறது. உள்வடிகட்டி விளைவு கருவியின் வடிவத்தால் வருவது; சுயத் தணிப்பு சாயத்திலேயே நடப்பது. மெல்லிய குவெட் முதலாவதைத்தான் குணப்படுத்தும்.

வாரம் கழித்து எண் குறைந்ததற்கு வெளிச்சம்தான் முதல் சந்தேகம். ஃபுளோரசீன் வெளிச்சத்தில் விரைவாக வெளுக்கும் சாயம். சன்னலோர மேசையில் வைத்த நீர்த்த கரைசல் ஒரே பகலில் கண்ணுக்குத் தெரியும்படி மங்கும். பழுப்பு நிறப் புட்டி, அதன் மேல் அலுமினியத் தாள், 4 டிகிரி குளிர்பெட்டி. நானோமோலார் கரைசல்களை அன்றன்றைக்குத் தயாரியுங்கள். குழாய் நீரைப் பயன்படுத்தினால் அதிலுள்ள குளோரினும் சாயத்தைச் சிதைக்கும். வெப்பநிலையைப் பற்றி இந்தச் சாயத்தில் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஒரு டிகிரிக்கு அரை சதவீதத்துக்கும் குறைவான மாற்றம்தான். ரோடமின் பி-யில் அது 2 சதவீதத்தைத் தாண்டும்.

இனி எங்கெல்லாம் பயன்படும் என்ற கேள்விக்கு வருகிறேன்.

ஆய்வகத்தில் இதன் பெரும்புகழ் எதிர்ப்பொருளுக்கு (குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப் பிடிக்கும் புரதத்துக்கு) ஒளி ஏற்றுவதில்தான். ஆல்பர்ட் கூன்ஸ் 1940-களின் தொடக்கத்தில் இந்தச் சாயத்தின் ஐசோசயனேட்டை எதிர்ப்பொருளோடு பிணைத்துக் காட்டினார். 1958-இல் வந்த ஐசோதயோசயனேட், அதாவது எஃப்ஐடிசி, கையாள எளிதாக இருந்ததால் அதுவே நிலைத்தது. இது புரதத்தின் லைசின் அமினோ தொகுதியோடு பிணையும். அமினோ தொகுதி புரோட்டானை இழந்து நின்றால்தான் வினை நடக்கும். இங்கேயும் பிஎச்தான் ஆள்கிறது: 9-ஐ ஒட்டிய கார்பனேட் பஃபர் தேவை. பிஎச் 7.4 உப்பு பஃபரில் செய்துவிட்டு, சாயம் ஏறவில்லை என்று புலம்புவதில் பயனில்லை.

எதிர்ப்பொருளை 0.1 மோலார் சோடியம் கார்பனேட் பஃபரில், பிஎச் 9-இல், மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று வையுங்கள். டிரிஸ், கிளைசின், சோடியம் அசைடு எதுவும் இருக்கக் கூடாது. முதல் இரண்டிலும் அமினோ தொகுதி இருப்பதால் உங்கள் புரதத்துக்கு முன் அவை சாயத்தைத் தின்றுவிடும். அசைடும் வினையில் குறுக்கிடும். இருந்தால் இரவு முழுதும் டயாலிசிஸ் செய்து நீக்குங்கள். எஃப்ஐடிசியை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் (நீரற்றது) மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என அப்போதே கரையுங்கள். எதிர்ப்பொருள் கரைசல் ஒரு மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோலிட்டர் வீதம், ஐந்தைந்து மைக்ரோலிட்டராக, மெல்லக் கலக்கிக்கொண்டே சேருங்கள். மொத்தமாக ஊற்றினால் விழும் இடத்தில் புரதம் திரண்டுவிடும். இந்த அளவில் ஒரு எதிர்ப்பொருள் மூலக்கூற்றுக்குச் சுமார் பத்து சாய மூலக்கூறுகள் கிடைக்கும். இருட்டில் 4 டிகிரியில் 8 மணி நேரம் வைத்து, பிறகு அம்மோனியம் குளோரைடை 50 மில்லிமோலார் ஆகும்படி சேர்த்து மேலும் 2 மணி நேரம் விட்டால் எஞ்சிய சாயம் செயலிழக்கும். கடைசியாக, மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் செஃபடெக்ஸ் ஜி-25 குழலில் விடுங்கள். முதலில் இறங்கும் மஞ்சள் பட்டை சாயம் ஏறிய புரதம். பின்னால் மெதுவாக வருவது வெறும் சாயம். இரண்டுக்கும் நடுவே தெளிந்த இடைவெளி இல்லையென்றால் குழல் சிறியது அல்லது ஊற்றிய அளவு அதிகம்.

எத்தனை சாயம் ஏறியது என்பதை உறிஞ்சளவிலிருந்து கணக்கிடலாம். 495 நானோமீட்டரில் வந்த எண்ணை 2.77-ஆல் பெருக்குங்கள். 280-இல் வந்த எண்ணிலிருந்து, 495-இல் வந்ததன் 0.35 பங்கைக் கழியுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை. ஐஜிஜி வகை எதிர்ப்பொருளுக்கு, 495-இல் 0.60, 280-இல் 0.70 என்று வந்தால் 1.66-ஐ 0.49-ஆல் வகுக்க 3.4. இது நல்ல அளவு. 3 முதல் 6 வரை இருக்கலாம். அதிகம் ஏறினால் பிரகாசம் கூடும் என்று நினைப்பது தவறு. ஒரே புரதத்தின் மேல் சாயங்கள் நெருங்கி ஒன்றையொன்று தணிக்கும், புரதம் ஒட்டக் கூடாத இடத்திலெல்லாம் ஒட்டும், எதிர்ப்பொருளின் பிடிப்பு முனையில் உள்ள லைசின் மூடிக்கொண்டால் பிடிப்பே போய்விடும். மங்கலாகத் தெரிகிறதே என்று அடுத்த முறை சாயத்தை இரட்டிப்பாக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. அதற்கு முன் மௌன்ட் செய்யும் திரவத்தின், அதாவது கண்ணாடித் தகட்டில் மாதிரியை மூடிவைக்கும் திரவத்தின், பிஎச்சைப் பாருங்கள். கிளிசரால் திரவத்தை 8.5 வாக்கில் வைத்து, வெளுப்பைத் தடுக்க டாப்கோ அல்லது புரொப்பைல் காலேட் சேர்த்தாலே படம் தெளிந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் 470-ஐ ஒட்டிய தூண்டு வடிகட்டி, 495 டைக்ரோயிக் கண்ணாடி, 525-ஐ ஒட்டிய உமிழ்வு வடிகட்டி. செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் 488 நானோமீட்டர் லேசர் இந்தச் சாயத்துக்கென்றே வார்த்தது போலப் பொருந்தும்.

பிஎச்சால் மாறுவது தொல்லை என்று இதுவரை சொன்னேன். அதையே கருவியாக்கியவர்களும் உண்டு. எஃப்ஐடிசி ஏற்றிய டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலியைச் செல்கள் விழுங்கினால் அது செல்லின் செரிமான அறையான லைசோசோமில் போய்ச் சேரும். 495-இலும் 450-இலும் மாறி மாறித் தூண்டி, இரண்டு ஒளிர்வுகளின் விகிதத்தை எடுத்தால் அங்குள்ள பிஎச் கிடைக்கும். 450-ஐ ஒட்டி எல்லா வடிவங்களும் ஏறக்குறைய ஒரே அளவு உறிஞ்சும். 495-இல் இரட்டை எதிரயனி மட்டுமே வலுவாக உறிஞ்சும். விகிதம் எடுப்பதால் எவ்வளவு சாயம் உள்ளே போனது, செல் எவ்வளவு தடிமன் என்ற கேள்விகள் அடிபட்டுப் போகும். 1978-இல் ஓகுமாவும் பூலும் இப்படித்தான் உயிருள்ள செல்லின் லைசோசோம் பிஎச் 4.7-ஐ ஒட்டி இருப்பதாக அளந்தார்கள். ஆனால் 5-க்குக் கீழே விகிதம் தட்டையாகிவிடும் என்பதால் அங்கே பிழை பெரிது. அளவீட்டுக் கோட்டைக் குடுவையில் போடாமல், செல்லின் உள்ளும் புறமும் பிஎச்சைச் சமமாக்கும் நைஜெரிசினும் உயர் பொட்டாசியமும் கொண்ட பஃபரில் அதே செல்களை வைத்தே போட வேண்டும்.

செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஃபுளோரசீன் டையசெட்டேட். இரண்டு அசெட்டைல் தொகுதிகள் மூலக்கூற்றை லாக்டோன் வடிவில் பூட்டி வைப்பதால் இதற்கு நிறமும் இல்லை, ஒளிர்வும் இல்லை. மின்னூட்டமற்றதால் செல்லுறையைத் தாண்டிவிடும். உள்ளே உள்ள எஸ்டரேஸ் நொதிகள் அசெட்டைலை வெட்டியதும் ஃபுளோரசீன் பிறந்து, மின்னூட்டத்தால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அசிட்டோனில் மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் மூலக் கரைசல் வைத்துக்கொண்டு, சீரம் இல்லாத ஊடகம் 5 மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோலிட்டர் சேருங்கள். இறந்த செல்லைச் சிவப்பாகக் காட்ட, மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள புரொப்பிடியம் அயோடைடு 50 மைக்ரோலிட்டர். இருட்டில் 5 நிமிடம், கழுவி உடனே பாருங்கள். சீரம் இருந்தால் அதிலுள்ள எஸ்டரேஸ் வெளியிலேயே வெட்டிவிடும், படம் முழுதும் பச்சைப் புகைபோலத் தெரியும். கால் மணி நேரம் தாமதித்தால் உயிருள்ள செல்லும் சாயத்தைக் கசியவிட்டு மங்கிவிடும். அதை இறந்த செல் என்று எண்ணிவிடக் கூடாது.

லிப்போசோம் எனும் நுண் கொழுப்புப் பைகளின் கசிவைப் பார்க்க, மேலே சொன்ன சுயத் தணிப்பையே பயன்படுத்துகிறார்கள். கார்பாக்சிஃபுளோரசீனை 50 முதல் 100 மில்லிமோலாரில், பிஎச் 7.4-க்குக் கொண்டுவந்து, லிப்போசோமுக்குள் அடைப்பார்கள். உள்ளே நெரிசலில் கிட்டத்தட்ட இருண்டு கிடக்கும் சாயம், உறை கிழிந்து வெளியே வந்து நீர்த்ததும் பளிச்சிடும். சாதாரண ஃபுளோரசீனை இதற்கு எடுக்க வேண்டாம். புரோட்டான் ஏறிய வடிவம் உறை வழியே தானாகவே கசியும். கூடுதலாக உள்ள கார்பாக்சில் தொகுதிதான் அதைப் பிடித்து வைக்கிறது. வெளியே உள்ள சாயத்தை செஃபடெக்ஸ் ஜி-50 குழலில் நீக்குங்கள். வெளி பஃபரின் சவ்வூடு அழுத்தம் உள்ளே இருப்பதோடு பொருந்தாவிட்டால் குழலிலேயே லிப்போசோம் வெடித்துவிடும். கடைசியில் டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சவர்க்காரப் பொருளைச் சேர்த்து எல்லாவற்றையும் உடைத்து வரும் ஒளிர்வு நூறு சதவீதம். தொடக்க ஒளிர்வைக் கழித்துவிட்டு அதோடு ஒப்பிட்டால் கசிவு விகிதம். சோதிக்கும் பொருளே பஃபரின் பிஎச்சை நகர்த்தினால் கசிவு ஏதும் இல்லாமலே எண் மாறும். வெறும் நீர்த்த சாயத்தில் அந்தப் பொருளைச் சேர்த்து ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை கட்டாயம் செய்யுங்கள்.

ஃபுளோரோமீட்டர் இல்லாத ஆய்வகத்திலும் இந்தச் சாயத்துக்கு வேலை உண்டு. வெள்ளி நைட்ரேட்டால் குளோரைடை அளக்கும் ஃபாஜன்ஸ் முறையில் இதுதான் நிறங்காட்டி. வெள்ளிக் குளோரைடு துகள்களின் மேற்பரப்பில் முதலில் குளோரைடு மிகுதி, அதனால் அது சாய எதிரயனியை விலக்கும். முடிவுப் புள்ளியைத் தாண்டிய கணமே வெள்ளி அயனி மிகுந்து, துகள் சாயத்தை இழுத்துக்கொள்ளும். மஞ்சள் பச்சைக் கரைசலில் வீழ்படிவு இளஞ்சிவப்பாக மாறும். 70 சதவீத ஆல்கஹாலில் 0.2 சதவீத ஃபுளோரசீன் பத்துச் சொட்டு, துகள்கள் திரளாதிருக்கச் சிறிது டெக்ஸ்ட்ரின், நேர் வெளிச்சம் படாத இடம். பிஎச் 7-க்கும் 10-க்கும் நடுவே இருக்க வேண்டும். அமிலக் கரைசலில் எதிரயனியே போதாது. மாதிரி அமிலமாக இருந்தால் டைகுளோரோஃபுளோரசீன் எடுத்தால் 4 வரை தாங்கும்.

மற்றவை சுருக்கமாக. புதிய சாயத்தின் குவாண்டம் செயல்திறனை, அதாவது உறிஞ்சிய ஃபோட்டான்களில் எவ்வளவு பங்கு திரும்ப வருகிறது என்பதை அளக்க, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் உள்ள ஃபுளோரசீன் உலகறிந்த ஒப்பீட்டுத் தரம். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் ஆய்வில் ஃபாம் என்று அழைக்கப்படும் சாயம் கார்பாக்சிஃபுளோரசீன்தான். நான்கு புரோமின் ஏற்றினால் திசு வெட்டுகளுக்கு நிறமேற்றும் இயோசின். நான்கு அயோடின் ஏற்றினால் எரித்ரோசின். நிலத்தடி நீர் எங்கே போகிறது என்று அறியவும் இதைக் கரைத்துவிடுவார்கள். 1877-இல் ஜெர்மனியில், டான்யூப் ஆற்றின் நீர் மண்ணுக்குள் மறையும் இடத்தில் 10 கிலோ சாயத்தை விட்டபோது, சுமார் 60 மணி நேரத்தில் சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆக் ஊற்று பச்சையாக ஒளிர்ந்து, இரண்டுக்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்தியது.

எப்போது இதைத் தவிர்க்க வேண்டும்? ஒரே இடத்தை நீண்ட நேரம் படம் எடுப்பதானால், செல்லின் அமிலப் பகுதிகளில் இருப்பிடத்தை மட்டும் அறிய வேண்டுமானால், திசுவே பச்சையாகத் தன்னொளிர்வு காட்டுமானால், வேறு சாயத்துக்குப் போங்கள். அலெக்ஸா ஃப்ளூர் 488 அதே வடிகட்டிகளில் வேலை செய்யும், வெளுப்பதும் குறைவு, பிஎச் 4 முதல் 10 வரை அசையாது. விலை கூடுதல் என்பது தவிர வேறு குறை சொல்ல இல்லை. தன்னொளிர்வுதான் சிக்கல் என்றால் சிவப்புப் பக்கம் உமிழும் சாயமே தீர்வு.

கையாளும்போது சோடியம் உப்பு பெரிய நஞ்சு அல்ல. கண் மருத்துவத்தில் சொட்டாகவும் ஊசியாகவும் கொடுக்கப்படுவதுதான். அதற்காக, ஆய்வகத் தூளை எந்த உயிருக்கும் செலுத்தலாம் என்று ஆகிவிடாது. எஃப்ஐடிசி வேறு கதை: அது மூச்சில் போனால் ஒவ்வாமையைத் தூண்டும், எடை போடுவது புகைக்கூண்டுக்குள் இருக்கட்டும். அதன் புட்டியை உறைபெட்டியிலிருந்து எடுத்ததும் திறந்துவிடாதீர்கள். குளிர்ந்த தூளின் மேல் காற்றின் ஈரம் படிந்தால் ஐசோதயோசயனேட் நீரோடு வினைபுரிந்து வீணாகும். நிறமும் ஒளிர்வும் மட்டும் அப்படியே இருக்கும், அதனால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியே வைத்து, பிறகு திறந்து, உலர்த்தியோடு சேர்த்து மறுபடி உறைபெட்டியில் வையுங்கள்.